பெயர் சொல்ல மூன்று விநாடி

எனக்கு வாய் நீளம் என்று என் கணவர் பத்மநாபன் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மைதான். ஆனால் அந்த வாய் ஒரே ஒருமுறை, பேசவேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது. அதனால் புஷ்பவல்லி பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புஷ்பவல்லி சாத்தூர்க்காரி. அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நேர் மேலே குடியிருந்தாள். எதையும் வீணாக்கமாட்டாள். தயிர் டப்பா, பிரெட் சுற்றி வரும் பை, பீட்சாவோடு வரும் மிளகாய்ப் பொட்டலம் எல்லாம் அவள் சமையலறையில் மறுபிறவி எடுக்கும். அவளுடைய அண்ணன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தார். வருஷா வருஷம் ஒரு தினசரி காலண்டர் அனுப்பிவைப்பார். எல்லோரும் கிழித்துக் குப்பையில் போடும் அந்தத் தாளைக்கூட அவள் போடமாட்டாள், பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்பாள்.

அவள் கணவர் கருப்பசாமி, மருந்துக் கம்பெனிகளுக்கு மெஷின் செய்து கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. ஒரே பிள்ளை ரஞ்சித்குமார். மூன்று வயதில் இங்கே வந்தவன். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தும் 'ழ' வராமல் வெளியே வந்தவன். 1998-ல் அவனுக்கு வயது இருபத்திரண்டு. டெக்ஸாஸில் ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்று எங்கள் வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள் புஷ்பா. கை முழுக்க மாவு. சுவரில் இருந்த போன் அடித்தது. பக்கத்தில் நின்றவள் நான். பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"அக்கா, எடுக்காதீங்க!" என்று அவள் கத்தியது காதில் விழுவதற்குள் ரிசீவர் என் காதுக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு கலெக்ட் கால் வந்திருக்கிறது, அழைப்பவர் பெயர், என்று இங்கிலீஷில் ஒரு பெண் குரல். பதிவு செய்த குரல். அதற்கு அப்புறம் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் ஆண் குரல், ஒரே மூச்சில், தமிழில்: "அம்மா காச்சல் போயிருச்சு." மறுபடியும் அந்தப் பெண் குரல், இவர் சிறையில் இருக்கும் கைதி, அழைப்பை ஏற்க ஒன்றை அழுத்தவும் என்றது.

அது ரஞ்சித்தின் குரல். புஷ்பா மாவுக் கையோடு ஓடிவந்து ரிசீவரைப் பிடுங்கி மாட்டினாள்.

"ஒண்ணை அமுக்கலைல்லக்கா?"

அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். குட்டு வெளிப்பட்டதே என்ற பதற்றம்கூட அப்புறம்தான் வந்தது. நான் இல்லை என்று தலையாட்டியதும் கையைக் கழுவி, காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாள். 'காச்சல் போயிருச்சு.' அந்தத் தாளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். டின்னுக்குள் அது மாதிரித் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன.

"ஏன்டி, எங்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். எட்டு வருஷமாக அவளோடு கறிவேப்பிலையிலிருந்து காய்ச்சல் மாத்திரை வரை பங்கு போட்டுக்கொண்டவள் நான்.

"அவுக யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாகக்கா" என்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

விஷயம் இதுதான். 1996 ஆகஸ்டில் ஒரு பார்ட்டி முடிந்து, குடித்துவிட்டு, அப்பாவின் காரை ஓட்டிவந்திருக்கிறான் ரஞ்சித். ரோட்டோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதர் மேல் மோதியதில் அவர் அங்கேயே இறந்துவிட்டார். ஏழு வருஷத் தண்டனை. செய்ததற்கு அனுபவிக்கிறான், அதில் நான் நியாயம் பேச வரவில்லை. இறந்தவருக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள்.

ஆனால் சிறையில் இருப்பவன் வீட்டோடு பேசவேண்டுமென்றால் கலெக்ட் கால்தான், அதாவது வீட்டில் இருப்பவர்கள்தான் பணம் கட்டவேண்டும். அதிலும் சிறை குத்தகைக்கு விட்ட ஒரே கம்பெனியின் போன்தான். எடுத்தவுடன் மூன்று டாலர், அதற்கு மேல் நிமிஷத்துக்கு நிமிஷம் தனி. முதல் மாதம் தினமும் பேசினாள். பில் முந்நூற்று எண்பத்தாறு டாலர் வந்தது. வக்கீலுக்குக் கொடுத்த கடனே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். கருப்பசாமி பில்லைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, "இனி ஒரு கால் எடுத்தேன்னா போனையே கட் பண்ணிருவேன். எனக்குப் பிள்ளையும் கிடையாது, பில்லும் கிடையாது" என்றாராம். அவர் வாழ்நாளில் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரம் போன் அடித்தபோது ரஞ்சித் தன் பெயரைச் சொல்லவில்லை. மெஷின் பெயர் சொல்ல மூன்று விநாடி கொடுக்கும். அந்த மூன்று விநாடியில் "அம்மா சாப்டேன்" என்றான். அவள் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். காசு கிடையாது. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாள் இதே மாதிரி. காவலர்களுக்குப் புரியாத மொழி என்பதால் தமிழ். தமிழ் வகுப்பில் மூன்று வருஷம் வராத தமிழ், மூன்று விநாடியில் வந்தது. 'இன்னைக்கு மழை.' 'சோறு குடுத்தாங்க.' 'பல் வலி.' 'அழாதம்மா.'

அவளால் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்தப் பக்கம் அவன் காதில், உங்கள் அழைப்பு மறுக்கப்பட்டது என்று மெஷின் சொல்லும். "அதைக் கேட்டாத்தான் அம்மா வீட்ல இருக்கான்னு அவனுக்குத் தெரியும்க்கா" என்றாள் புஷ்பா. பெற்ற பிள்ளைக்கு வாரம் நாலு தடவை மறுப்பு சொல்லித்தான் தான் உயிரோடு இருப்பதைத் தெரிவித்தாள்.

போன் எப்போது அடிக்கும் என்று தெரியாது. அதனால் அவள் எங்கேயும் போகமாட்டாள். கல்யாணம், வளைகாப்பு, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா, எல்லாவற்றுக்கும் தலைவலி என்று சொல்லிவிடுவாள். அப்படியும் ஆட்கள் விட்டார்களா? சங்கத்து ஜம்புநாதன் ஒருநாள் படியேறி வந்து, "என் மாப்பிள்ளை ரவுண்ட் ராக்லதான் join பண்றான். ரஞ்சித் நம்பர் குடுங்கோ, பேசிக்கட்டும்" என்று பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவன் இப்ப சான்டா கிளாராவுக்கு மாறிட்டான் அங்கிள்" என்றாள் புஷ்பா.

"அங்கே எந்தக் கம்பெனி?"

"அவுக அப்பாவுக்குத்தான் தெரியும்."

ஒரு பொய் ரவுண்ட் ராக்கிலிருந்து சான்டா கிளாராவுக்கு வீடு மாறியது. பையன் என்னவோ இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கம்பிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தான்.

புஷ்பாவுக்கு freeway-யில் ஓட்ட வராது. மாதம் ஒரு ஞாயிறு நான் அவளைக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். கோயிலுக்குப் போகிறோம் என்று கருப்பசாமியிடம் சொல்வோம். விபூதி எங்கே, பிரசாதம் எங்கே என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

1999 மே மாதம் பார்வையாளர் அறையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சிறை போன் கட்டணத்தை எதிர்த்து வழக்கு. ஒருத்தருக்காகப் போடும் வழக்கு அல்ல, அந்தக் கட்டணத்தால் அடிபட்ட எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வழக்கு, class action என்கிறார்கள். ஜெயித்தால் கட்டணம் குறையும், கட்டியதில் கொஞ்சம் திரும்பவும் வரும். பாதிக்கப்பட்டவர்கள் வாக்குமூலம் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. நான் படித்துச் சொன்னேன்.

"பேர் வெளிய வருமாக்கா?"

"கோர்ட் பேப்பர்ல இருக்கும். தேடிப் பாத்தா தெரியும். நம்ம ஆளுங்க யாரு கோர்ட் பேப்பரைத் தேடறா?"

காரில் திரும்பி, freeway-யிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கும் எக்ஸிட் வந்தபோது, "ரேட்டு குறைஞ்சா ஒண்ணை அமுக்கலாம்லக்கா? அவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள். அவளுக்கு நஷ்ட ஈடு வேண்டாம், நியாயம்கூட வேண்டாம். ஒன்றை அழுத்தவேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் மிஸ் கோல்மன் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் மடக்கு மேஜை போட்டு எல்லோரையும் சந்தித்தாள். இளம் வயது, தூக்கம் கெட்ட கண்கள். மற்றவர்கள் எல்லோரும் பில்களைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் புஷ்பாவிடம் ஒரே ஒரு மாத பில்லும் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தன.

இந்தக் கட்டணத்தால் உங்கள் வாழ்க்கை எப்படிப் பாதிக்கப்பட்டது என்று வக்கீல் கேட்டாள். பாதிப்பைத்தான் கேட்டாள். ஆனால் பில்லில் மிச்சம் பிடித்தோம் என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நம் பெண்கள் விடுவார்களா? புஷ்பாவின் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு பெருமை. "அவுங்கட்ட சொல்லுங்கக்கா, முதல் மாசத்துக்கு அப்புறம் நாங்க ஒத்தப் பைசா குடுக்கலை. மூணு செகண்ட்ல முடிச்சிருவோம். என் மகன் கண்டுபிடிச்சது." டின்னைத் திறந்து தாள்களை எடுத்துக் கொடுத்தாள். தேதி போட்ட நானூற்றுச் சொச்சம் தாள்கள். நானும் பெருமையாகத்தான் இங்கிலீஷில் சொன்னேன்.

மிஸ் கோல்மன் ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜட்ஜ் மனதை உருக்கிவிடும் என்றாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னாள். இதைத் தாக்கல் செய்தால் சிறை நிர்வாகத்துக்கும் தெரியும், பையனுக்கு ஏதாவது தொந்தரவு வரலாம், அவர்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள் என்றாள்.

புஷ்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா சொல்றாங்க?"

சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னதற்கு என்ன தண்டனை கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். சொன்னால் இவள் பயந்து பின்வாங்கிவிடுவாள் என்றும் நினைத்தேன். "சம்மதமான்னு கேக்கறா" என்று பாதியை மட்டும் சொன்னேன். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள், கையெழுத்துப் போட்டாள். நானூறு தாளையும் நானே இங்கிலீஷில் மாற்றி டைப் அடித்துக் கொடுத்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாளெல்லாம் டைப் அடிக்கிறவள், பதினைந்து நாளில் முடித்துவிட்டேன். அவ்வளவு வேகம் எனக்கு.

டைப் அடிக்கும்போது ஒன்று கவனித்தேன். பல ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. 'அப்பா இருக்காரா?'

அக்டோபரில் ரஞ்சித்தின் போன் வருவது நின்றது. முதல் வாரம் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறினாள். இரண்டாவது வாரம் நாங்கள் பார்க்கப் போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் மேல் குற்றச்சாட்டு: போனைத் தவறாகப் பயன்படுத்தியது, கட்டணம் செலுத்தாமல் செய்தி அனுப்பியது. போன் கம்பெனியின் வக்கீல்கள் எங்கள் வாக்குமூலத்தைக் காட்டி, இந்தப் பெண்மணி பாதிக்கப்பட்டவர் அல்ல, எங்களை ஏமாற்றியவர் என்று எழுதியிருக்கிறார்கள். சிறை நிர்வாகம் அதை வைத்தே ரஞ்சித்துக்குத் தண்டனை கொடுத்துவிட்டது. ஆறு மாதம் போன் கிடையாது, பார்வையாளர் சந்திப்பும் கிடையாது. ஆதாரம் நான் டைப் அடித்த தாள்கள்.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து நான் உண்மையைச் சொன்னேன். வக்கீல் அன்றைக்கே எச்சரித்தாள், நான்தான் உனக்குச் சொல்லவில்லை என்றேன். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"மூணு செகண்டும் போச்சேக்கா" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. மாடியில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்கும், நின்றுபோகும். கறிவேப்பிலை கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை.

நவம்பரில் கோர்ட்டிலிருந்து ஒரு பெரிய கவர் அவள் வீட்டுக்கு வந்தது. வாக்குமூலத்தின் நகல், தாள்களோடு. அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்தவர் கருப்பசாமி. தொலைந்தோம் என்றுதான் புஷ்பா நினைத்திருக்கிறாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. இருட்டியதும் புஷ்பா விளக்கைப் போட்டாளாம், அதுகூட அவருக்குத் தெரியவில்லையாம். முடித்ததும் பக்கங்களை ஒழுங்காக அடுக்கி, தன் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். இதைச் சொல்லத்தான் மறுநாள் அவள் என் கதவைத் தட்டினாள். எங்களுக்குள் பேச்சு மறுபடியும் அப்படித்தான் வந்தது.

கடிதம் போட அனுமதி இருந்தது. ஆனால் ரஞ்சித்துக்குத் தமிழ் எழுத வராது, அவளுக்கு அவன் இங்கிலீஷ் எழுத்து புரியாது. நான் படித்துத் தமிழில் சொல்வேன். இந்தத் தடவை ஒரு கமாவைக்கூட விடாமல் சொன்னேன். ஒரு கடிதத்தில், வழக்குப் போட்டதற்கு அம்மாவைக் குறை சொல்லவில்லை, ஆனால் 'refused' என்ற வார்த்தையைக் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தான். அவள் அதை இரண்டாவது தடவை படிக்கச் சொல்லிவிட்டு, படிக்க ஆரம்பித்ததும் போதும் என்றாள்.

பிப்ரவரியில் ஜட்ஜ் வழக்கில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டார். அரசாங்கமே ஒப்புக்கொண்ட கட்டணத்தில் கோர்ட் தலையிட முடியாதாம். மேல்முறையீடு செய்வோம், வருஷக்கணக்காகும் என்று மிஸ் கோல்மன் போனில் சொன்னாள். அவள் குரல் உடைந்திருந்தது, அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதே கட்டணம், அதே கம்பெனி, அதே போன். எங்களுக்கு மட்டும் நாலு மாதம் போயிருந்தது, இன்னும் இரண்டு பாக்கி.

2000 ஏப்ரலில் தடை முடிந்தது. இனி வாரத்துக்கு ஒரே ஒரு கால், ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு. பெயர் கேட்கும் இடத்தில் பெயரைத் தவிர வேறு எதையாவது சொன்னால் அதுவும் போய்விடும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த ஞாயிறு என்னையும் கூப்பிட்டிருந்தாள் புஷ்பா. காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, போன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னென்ன பேசவேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தாள். கருப்பசாமி மேஜையில் பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வெளியே கிளம்பவில்லை, அதையே அவருடைய அனுமதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பதினொன்று ஐந்துக்கு மணி அடித்தது. ரிசீவரைக் காதுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள், எனக்கும் கேட்டது. அதே பெண் குரல். பெயர் வரும் இடத்தில், "ரஞ்சித்குமார்." பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது மாதிரி, வெறும் பெயர். புஷ்பா ஒன்றை அழுத்தினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. லைனில் ஒரு கிர்ரென்ற சத்தம், பிறகு திறந்துகொண்டது.

"அம்மா" என்றான்.

அவள் ரிசீவரை மாட்டிவிட்டாள்.

கேட்பது, வைப்பது. மூன்று வருஷம் அந்தக் கை அதைத்தானே செய்தது. அது பாட்டுக்கு வைத்துவிட்டது. என்ன நடந்தது என்று புரிய அவளுக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு ரிசீவரை எடுத்து, "ரஞ்சி, ரஞ்சி" என்று கத்தினாள். டயல் டோன்தான் வந்தது. இங்கிருந்து அங்கே கூப்பிட வழியே கிடையாது. அந்த வாரத்துக்கான ஒரே கால் முடிந்துவிட்டது. அங்கே அவன் கையில் ரிசீவரோடு என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறானோ. புஷ்பா தன் வலது கையை இடது கையால் ஓங்கி அடித்தாள். மறுபடியும் மறுபடியும் அடித்தாள். நான் பிடிக்கப் போனேன், என்னால் முடியவில்லை.

கருப்பசாமி எழுந்து வந்தார். அடிக்கும் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்து மெதுவாக மாட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம போனை நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார். "நீ பேசு."